இரண்டு தாலந்து வாங்கினவன்



மத்தேயு 25-ஆம் அதிகாரத்துத் தாலந்து உவமையை நாம் எத்தனை தரம் கேட்டிருப்போம்! ஐந்து தாலந்து வாங்கினவனைப் பற்றிப் பிரசங்கம் உண்டு. ஒரு தாலந்தை மண்ணில் புதைத்தவனைப் பற்றி அதைவிட அதிகமாக உண்டு. நடுவில் ஒருவன் நிற்கிறானே, இரண்டு தாலந்துக்காரன், அவனைப் பற்றி யாராவது பேசிக் கேட்டதுண்டா? எனக்கு வேதாகமக் கல்லூரியில் மூன்று வருஷம் பாடம் எடுத்த ஆசிரியர்களும் அவனைச் சட்டென்று தாண்டிப் போனார்கள். நானும் அப்படியே தாண்டிப் போனவன்தான். போன மாதம் நம் சபையில் ஒரு தாயாரும் மகனும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவன் ஞாபகம் வந்தது.

பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். இரும்புலியூரில் வீடு. தகப்பன் இல்லை. பந்து வீசினாலும் சரி, ஹாக்கி மட்டையைக் கையில் எடுத்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நிகர் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்தால்தான் மேலே படிப்பு. இப்போது சிக்கல் என்னவென்றால், ஒரே சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, எழும்பூரில் ஹாக்கித் தேர்வு. அதே ஏழு மணிக்குக் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் கிரிக்கெட் தேர்வு. "பாஸ்டர், நீங்கதான் ஜெபம் பண்ணி எதுன்னு சொல்லணும்" என்றார் அந்தச் சகோதரி. நான் சொல்வதை அப்படியே செய்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துப் போயிற்று.

இதற்குள் நம் சபைப் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு வசனத்தைப் பையன் கையில் கொடுத்திருந்தார்கள். இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்யக் கூடாது என்று ஒருவர். இருமனமுள்ளவன் நிலையற்றவன் என்று இன்னொருவர். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமல்லவா? மத்தேயு 6:24 பணத்தைப் பற்றிப் பேசுகிறது. பணம் எஜமானாகிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே விஷயம். யாக்கோபு முதலாம் அதிகாரமோ, கேட்டுவிட்டுச் சந்தேகப்படுகிறவனைப் பற்றியது. ஒருவனுக்கு இரண்டு வரம் இருப்பதை இந்த இரண்டு வசனமும் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு தாலந்தைக் கொடுத்ததே எஜமான்தானே!

பையன் சும்மா இருக்கவில்லை. "பாஸ்டர், அமெரிக்காவுல ரெண்டும் ஆடியிருக்காங்க" என்று செல்போனை நீட்டினான். போ ஜாக்சன் என்ற ஆட்டக்காரர். அவர்களுடைய கிரிக்கெட் மாதிரி ஆட்டம் பேஸ்பால். அவர்கள் கால்பந்து என்று சொல்வது நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆள்மேல் ஆள் விழுந்து ஓடுகிற ஆட்டம். இந்த மனிதர் 1986-இல் கான்சாஸ் சிட்டி அணிக்குப் பேஸ்பால் ஆடத் தொடங்கி, 1987 முதல் பேஸ்பால் முடிந்த கையோடு லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கால்பந்தும் ஆடினார். இரண்டிலும் நட்சத்திர அணிக்குத் தேர்வான முதல் ஆள் அவர்தான். 1991 ஜனவரியில் கால்பந்து ஆட்டத்தில் இடுப்பெலும்பு போயிற்று. கால்பந்து அதோடு முடிந்தது. செயற்கை இடுப்பு வைத்துக்கொண்டு 1993-இல் திரும்பி வந்து பேஸ்பாலில் ஒரு பெரிய அடி அடித்தார் என்பதும் உண்மைதான். ஆனால் 1994-ஓடு அதுவும் நின்றது. இன்னொருவர் டியான் சாண்டர்ஸ். 1992 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மயாமியில் கால்பந்து ஆடிவிட்டு, விமானம் ஏறி பிட்ஸ்பர்க் போய் இரவுப் பேஸ்பால் ஆட்டத்துக்கு உடை மாற்றி உட்கார்ந்தார். அந்த ராத்திரி அவரைக் களத்தில் இறக்கவே இல்லை!

"அவங்களுக்கு விமானம் இருந்தது தம்பி. உனக்கு எழும்பூருக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவுல மின்சார ரயில்தான்" என்றேன். பையன் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை.

அப்போதுதான் நம்ம பக்கத்து மனிதர் ஒருவருடைய பெயரைச் சொன்னேன். எம்.ஜே. கோபாலன். அவனுக்குத் தெரியவில்லை. உங்களில் பலருக்கும் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011-இல் நான் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருந்தேன். பதவி உயர்வோடு புனேவுக்கு மாற்றல் வந்தது. அப்போது நம் சபை என் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் கூடிக்கொண்டிருந்த பத்தொன்பது பேர். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். போகவில்லை. எனக்குப் பதிலாகப் போன நண்பர் இன்று பெரிய பதவியில் இருக்கிறார், சந்தோஷம். 2016-இல் நாங்கள் வேலை செய்த பிரிவையே மூடினார்கள். கையில் ஒரு காசோலை, இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடு. உறவுக்காரர் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: "அன்னைக்கே போயிருக்கலாமே!" விசுவாசிகளிலும் சிலர், சித்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டீர்களோ பாஸ்டர் என்று கேட்டார்கள். அதுதான் அதிகமாக வலித்தது.

அந்த நாட்களில் நம் சபைக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு முதியவர் இருந்தார். இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். கிரிக்கெட் பைத்தியம் அவருக்கு. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது என் தோளைப் பிடித்து, "பாஸ்டர், எம்.ஜே. கோபாலன் கதை தெரியுமா?" என்று கேட்டார். அன்று வாசலில் நின்றபடி அவர் சொன்னதைப் பிறகு நானும் தேடிப் படித்துக்கொண்டேன்.

கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில். (பிறந்த வருஷத்தைப் பற்றி இரண்டு கணக்கு உண்டு, பதிவில் இருப்பது இது.) அதாவது தாம்பரத்துக்குத் தெற்கே நம்ம பக்கத்து ஆள். ஆட்டத்தினால் யாரும் சம்பாதிக்காத காலம் அது. சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்த சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் இவருடைய வேகப்பந்தைப் பார்த்து, பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். இவர் திருவல்லிக்கேணி கிரிக்கெட் சங்கத்துக்கு ஆடினார். ஹாக்கியில் நடுக்களத்து ஆட்டக்காரர். இரண்டு தாலந்து!

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். ஜார்டைன் அந்தப் பக்கம் தலைவர், சி.கே. நாயுடு இந்தப் பக்கம். கோபாலனுக்கு ஒரு விக்கெட், இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 18 ஓட்டம். அடுத்த மாதம் நம் சேப்பாக்கத்திலேயே டெஸ்ட் நடந்தது. சொந்த ஊர் மைதானம், ஆனால் அணியில் அவர் இல்லை. பிறகு ஒரு டெஸ்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி ரஞ்சிக் கோப்பை என்ற போட்டியின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும். அந்தப் போட்டியின் சரித்திரத்தில் முதல் பந்தை வீசிய கை கோபாலனுடையது. மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. ராம் சிங் மட்டும் பதினொரு விக்கெட். காலையில் தொடங்கிய ஆட்டம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது!

1935-இல் இவர் கையில் ஹாக்கி மட்டை. தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்குப் போன இந்திய அணியில் ஒருவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் இந்தியா 48 ஆட்டம் ஆடி 584 கோல் போட்டது. அதில் தியான் சந்த் ஒருவரே 201. இப்படிப்பட்ட அணிக்குள் இருந்தவர் நம் மொறப்பாக்கத்து மனிதர்.

இப்போது 1936-க்கு வருவோம். அந்த வருஷம் பெர்லினில் ஒலிம்பிக். ஹாக்கி அணிக்குத் தேர்வு ஆட்டம் வைக்கிறார்கள், வா என்கிறார்கள். அதே சமயம் இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணியிலும் பெயர் வந்துவிட்டது. அது கப்பல் பயணக் காலம். இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார்.

என்ன நடந்தது? கிரிக்கெட் அணியின் தலைவர் விஜயநகரத்து மகாராஜ்குமார். ஆட்டத்தின் திறமையால் வந்த தலைமை அல்ல, அந்தஸ்தால் வந்தது. அணிக்குள் சச்சரவு. முதல் டெஸ்டுக்கு முன்னாலேயே லாலா அமர்நாத்தைப் பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று டெஸ்டில் இரண்டில் தோல்வி, ஒன்று சமன். கோபாலன் ஒரு டெஸ்டிலும் களம் இறங்கவில்லை.

ஒரு தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் அன்றைக்குத் தொடங்கியது. பதினொரு பேரில் கோபாலன் இல்லை. அன்றைக்கே பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம். முந்தின நாளே நடந்திருக்க வேண்டியது, மழையினால் தள்ளிப்போய் அந்தச் சனிக்கிழமைக்கு வந்திருந்தது. இந்தியா 8, ஜெர்மனி 1. தங்கப் பதக்கம். செய்தி லண்டனில் இவர் காதுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும், அந்த ராத்திரி எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அதே அணியில் கோட்டா ராமசாமி என்று இன்னொரு சென்னைக்காரர் இருந்தார். சென்னைக் கிரிக்கெட்டின் தகப்பன் என்று சொல்லப்படுகிற புச்சி பாபு நாயுடுவின் மகன். அவருக்கும் இரண்டு தாலந்து: 1922-இலேயே இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 1936-இல் வயது நாற்பது. நாற்பது வயதில் முதல் டெஸ்ட்! மான்செஸ்டரில் 40-உம் 60-உம் அடித்தார், ஓவலில் 29-உம், ஆட்டமிழக்காமல் 41-உம். ஒரே பயணம், ஒரே ஊர்க்காரர்கள் இருவர். இவருக்கு இரண்டு ஆட்டமும் கொடுத்தது, அவருக்கு இரண்டும் கைவிட்டுப் போயிற்று. ராமசாமியைப் பாக்கியவான் என்று சொல்லிவிட வேண்டாம். 1985 அக்டோபரில் ஒரு நாள் சென்னையில் வீட்டை விட்டு வெளியே போன அந்த முதியவர் திரும்பி வரவே இல்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது.

கோபாலனைப் பற்றி எழுதினவர்கள் பெரும்பாலும், 1936-இல் அவர் தவறு செய்தார் என்றே எழுதுகிறார்கள். தவறு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? முடிவை வைத்து. சற்றே யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் 15 முடிந்த பிறகு ஆகஸ்ட் 15-ஐத் தெரிந்துகொள்வது யாருக்கும் எளிது. முடிவெடுக்க வேண்டிய நாளில் அவர் கையில் என்ன இருந்தது? ஹாக்கியில் இருந்தது தேர்வு ஆட்டம் மட்டும்; இடம் உறுதியில்லை. கிரிக்கெட்டில் இடம் உறுதி. வெளிநாட்டு ஹாக்கிப் பயணம் முந்தின வருஷம்தான் போய் வந்திருக்கிறார். இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணி டெஸ்ட் ஆடப் போனது அதற்கு முன் 1932-இல் ஒரே ஒரு தரம். அமர்நாத்தைத் திருப்பி அனுப்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஹாக்கிக்கு அடுத்த ஒலிம்பிக் 1940-இல் இருக்கிறதே என்றும் அவர் நினைத்திருக்கலாம். யுத்தம் வந்து 1940, 1944 இரண்டையும் விழுங்கியது. 1948 வரும்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. கையில் இருந்த வெளிச்சத்துக்குத் தக்கதாகத்தான் அந்த மனிதர் நடந்தார் என்று நான் சொல்லுவேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஆராதனைக்குப் பிறகு என்னிடம் வரலாம், பேசுவோம்.

நம்மிடையே ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. காரியம் வாய்த்தால் சித்தம், வாய்க்காவிட்டால் சித்தமில்லை. கடை நன்றாக ஓடினால் கர்த்தர் திறந்த வாசல். நஷ்டம் வந்தால் அவசரப்பட்டு எடுத்த முடிவு. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். ஆசியாவுக்குப் போகப் பார்த்த பவுலுக்கு வழி அடைபட்டது. பித்தினியாவும் அடைபட்டது. துரோவாவில் தரிசனம் கண்டு மக்கெதோனியாவுக்குக் கப்பல் ஏறினார். தெளிவான நடத்துதல், சந்தேகமே இல்லை. போன இடத்தில் கிடைத்தது என்ன? பிலிப்பியில் வஸ்திரத்தைக் கிழித்து, அடிகொடுத்து, காலைத் தொழுமரத்தில் மாட்டிச் சிறைச்சாலையில் போட்டார்கள். நம் சபையில் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பாஸ்டர் தரிசனத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டார் என்று சொல்லியிருப்போம்!

புனேயைப் பற்றி நானும் எனக்குள்ளே பல ராத்திரி அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இப்போதும் மாதக் கடைசியில் சில நாள் அந்த நினைப்பு வரத்தான் செய்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? உபவாசம் இருந்து எடுத்த முடிவு என்பதற்காகக் கஷ்டம் கஷ்டமாக இல்லாமல் போய்விடவில்லை.

அந்த முதியவர் எனக்குச் சொன்னதில் மனதில் தைத்தது 1936 அல்ல, அதற்குப் பின்னால் வந்த வருஷங்கள். கோபாலன் ஊர் திரும்பி மறுபடியும் சென்னைக்காகப் பந்து வீசினார். வருஷா வருஷம் வீசினார். 1926-27-இல் தொடங்கிய அவருடைய முதல்தர ஆட்டம் ஐம்பதுகளின் தொடக்கம் வரை நீண்டது. பிறகு அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்து மற்றவர்களுக்கு இடம் கொடுத்தார். அவருடைய இருபத்தைந்து வருஷ ஆட்டத்தின் நினைவாக 1952-53-இல் சென்னைக்கும் இலங்கைக்கும் நடுவே கோபாலன் கோப்பை என்று ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். இலங்கை 1981-இல் டெஸ்ட் அந்தஸ்து பெறுவதற்கு முந்தின அந்தப் பல வருஷங்களில், அந்நாட்டு இளைஞர்கள் பெரிய ஆட்டத்துக்குப் பழகிய களங்களில் அது ஒன்று. பெர்லினில் ஒரு பதக்கம் கைவிட்டுப் போன மனிதருடைய பெயரால் கடலுக்கு அக்கரையில் ஒரு தேசம் ஆடப் பழகியது. 2003 டிசம்பர் 21-இல் அவர் சென்னையில் காலமானபோது, உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் எல்லாம் மூத்தவர் அவர்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன், "அப்போ நான் எங்க போறது பாஸ்டர்?" என்று மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்தான்! நான் சொல்ல மாட்டேன் என்றேன். அவன் அம்மாவுக்கு என்மேல் வருத்தம். ஒரு பாஸ்டர் இதைக்கூடச் சொல்லக் கூடாதா? சகோதரி, சொல்லியிருப்பேன். ஆனால் பெயர் வராமல் போனால் அவன் என்னைத்தான் நினைப்பான், வந்துவிட்டாலும் என்னைத்தான் நினைப்பான். இரண்டுமே அவனுக்கு நல்லதில்லை. அதற்குப் பதிலாக ஒரு காகிதத்தைக் கொடுத்து, இன்றைக்குத் தெரிந்ததை மட்டும் எழுது என்றேன். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை இடம், எந்தக் கல்லூரியில் எந்த ஆட்டத்துக்கு விடுதியும் சாப்பாடும் தருகிறார்கள், எது ஆடும்போது அடிபட்டாலும் வலி தெரிவதில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்தான். மூன்று பேரும் முழங்காலில் நின்றோம். பிறகு அவனே "ஹாக்கி" என்றான்.

சனிக்கிழமை விடியற்காலை தாம்பரம் ஸ்டேஷனில் போய் ஏற்றிவிட்டேன். அம்மா எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்திருந்தார். முடிவு இதை எழுதும் நாள் வரைக்கும் வரவில்லை. கிரிக்கெட் மட்டையை வீட்டில் வைத்தால் மனசு அலையும் என்று என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அரிசி டின்னுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் என் சின்ன மகள் அதை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடிவிடுகிறாள்.